டிரெய்லரில் ஆளை ஏற்றாதே

தம்பி,

உன் கடிதம் நேற்று வந்தது. முதல் தடவை படித்தபோது மனசு நிறைந்திருந்தது. ரவூப் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல், குடியிருக்க வீடு, மருமகள் விமலாவின் உடம்புக்கு ஏற்ற குளிர்ந்த ஊர் என்று நீ எழுதியிருந்ததைப் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மறுபடி படித்தபோதுதான் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் நீ எழுதியிருந்தது கண்ணில் பட்டது. மூவாரிலிருந்து சாமான்களை லாரிக்காரனிடம் கொடுக்காமல், கூட வேலை செய்யும் வாத்தியாரின் டிரெய்லரை இரவல் வாங்கி, உன் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போகப் போகிறாய். அலமாரி ஆடாமல் பிடித்துக்கொள்ள விமலாவின் தம்பி டிரெய்லரில் உட்கார்ந்து வரப் போகிறான். "அவனுக்கும் காற்றாட ஊர் பார்த்த மாதிரி இருக்கும்" என்று வேறு எழுதியிருக்கிறாய்.

அதனால்தான் இன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும். பாதியில் மடித்து வைத்துவிடாதே. விமலாவும் படிக்கட்டும், அவள் தம்பியும் படிக்கட்டும். உன் வாத்தியார் நண்பர் கேட்டால் அவரிடமும் கொடு. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. மணியம் மாமா எப்படிச் செத்தார் என்று உனக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். லாரி மோதிச் செத்தார் என்றுதான் மலாக்காவில் நம் காஜா பேராங் வட்டாரம் முழுக்கச் சொன்னார்கள். அப்போது நீ சிங்கப்பூரில் படித்துக்கொண்டிருந்தாய். தந்தி கிடைத்து நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டாய். உன் அப்பாவிடம் கேட்கப் போனாய், அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு நீ கேட்கவே இல்லை. நாங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வருஷங்களில் நம் வீட்டு வேலை என்ன என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா எதுவானாலும் நாற்காலி, மேசை, அண்டா, தவலை எல்லாம் நம் வீட்டிலிருந்துதான் வாடகைக்குப் போகும். மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த உன் அப்பா, நீ சிங்கப்பூர் போன பிறகு யாரோ ஒரு துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன கறுப்புக் காரை வாங்கினார். பட்டறையில் சொல்லி இரண்டு சக்கரம் வைத்த டிரெய்லர் ஒன்றும் செய்துகொண்டார். காரின் பின்பக்கம் இரும்புக் குண்டு ஒன்று பொருத்தியிருந்தது. டிரெய்லரின் முன்கம்பி நுனியில் கிண்ணம் மாதிரி ஒன்று. கிண்ணத்தைக் குண்டின்மேல் கவிழ்த்து ஓர் ஆணியைச் செருகிவிட்டால் பூட்டிக்கொள்ளும். அந்த ஆணி எப்போதோ தொலைந்துவிட்டது. உன் அப்பா அந்த இடத்தில் கம்பியை முறுக்கிக் கட்டி வைத்திருந்தார். அவர் அசட்டையான மனிதர் இல்லை. வாடகைக்குப் போய்வந்த ஒவ்வொரு நாற்காலியையும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுக்குவார். ஆனால் டவுனுக்குள் அந்த வண்டி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததையே அவர் பத்திரம் என்று எடுத்துக்கொண்டார்.

மலாயா விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்கு முந்தின வருஷம் அலோர் காஜா பக்கம் ஒரு தோட்டத்தில் கல்யாணம். நமக்கும் சொந்தம் என்பதால் நானும் கிளம்பினேன். லோகா அத்தையும் வர வேண்டியவள்தான். காய்ச்சல் என்று படுத்துவிட்டாள். அவளுக்கும் மணியத்துக்கும் கல்யாணமாகித் தலைத் தீபாவளிகூட இன்னும் வரவில்லை. காலையில் மணியமும் உன் அப்பாவும் சாமான் ஏற்றினார்கள். கல்யாண வீட்டுச் சமையல்காரர், போனதும் முதலில் எனக்கு அண்டாக்கள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். முதலில் இறக்க வேண்டியதைக் கடைசியில்தானே ஏற்றுவார்கள்? மடக்கு நாற்காலிகளை எல்லாம் முன்னால் அடுக்கி, பித்தளை அண்டாக்களையும் அடுப்பு இரும்புகளையும் டிரெய்லரின் வால் பக்கம் வைத்தார்கள். யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அண்டாக்களைக் கட்டத்தான் கயிறு எட்டாமல் போயிற்று.

"நான் பின்னால ஏறிக்கிறேன் அத்தான். அண்டா உருண்டுச்சுன்னா கல்யாண வீட்டுல சோறு இல்ல" என்றான் மணியம்.

"கார்ல இடம் இருக்கேடா, உள்ள வந்து உக்காரு" என்றேன்.

"அதுக்குள்ள போய் வேர்த்துக்கிட்டு வரணுமா? காத்தாட வர்றேன்கா."

"சரி, குனிஞ்சி உக்காரு. நல்லாப் புடிச்சிக்க" என்றார் உன் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. நீ எழுதியிருக்கும் காற்றாட என்ற அதே சொல்லைத்தான் அவனும் சொன்னான். நேற்று உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஏன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் என்று இப்போது புரிகிறதா?

செங் என்ற ஊரைத் தாண்டும்வரை நன்றாகத்தான் போனோம். அதற்கப்புறம் ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர் மரம், நடுவில் நீளமாக ஓர் இறக்கம். நேரமாகிவிட்டது என்று உன் அப்பா கொஞ்சம் வேகமாகவே விட்டார். எதிரே ஒரு மரலாரி வந்தது. அது எங்களைக் கடந்தபோது காற்று காரின்மேல் அடித்ததை நான் உணர்ந்தேன். அடுத்த நொடி, காரின் பின்பக்கத்தை யாரோ இரண்டு கையாலும் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவது மாதிரி இருந்தது. முதலில் லேசாக. பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பெரிதாக. நான் திரும்பிப் பார்த்தேன். மணியம் ஒரு கையால் அண்டாவையும் இன்னொரு கையால் பலகையையும் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பயம் இல்லை. சிரிப்பது மாதிரிகூட இருந்தது. "ஆடுதுங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உன் அப்பா பிரேக்கை ஓங்கி மிதித்தார். கார் நின்றுவிட்டது. பின்னால் வந்த பாரம் நிற்கவில்லை. அது காரைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் வந்தது. கம்பிக்கட்டு அறுந்து, கிண்ணம் குண்டை விட்டுக் கழன்று, டிரெய்லர் ரோட்டோரக் கால்வாயில் தலைகீழாகப் போய் விழுந்தது.

அதற்கு மேல் உனக்கு நான் விவரிக்கப் போவதில்லை. அந்த லாரிக்காரர் ஒரு சீனர். சத்தம் கேட்டு, லாரியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அவரும் உன் அப்பாவும்தான் அண்டாக்களைத் தூக்கிப் போட்டார்கள். மணியத்தைத் தன் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். வழி நெடுக நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே அவனிடம் ஒன்றும் இல்லை. லாரிக்காரர் தன் சட்டையிலிருந்த ரத்தத்தோடு அங்கேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

போலீஸ் கேட்டபோது, லாரி இடிக்கவில்லை என்று உன் அப்பா தெளிவாகச் சொன்னார். ஆனால் ஊருக்கு ஒரு லாரி வேண்டியிருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் லாரிக்காரனைத் திட்டினார்கள். உன் அப்பா இல்லை என்று மறுக்கப் பார்த்தால், பாவம் அதிர்ச்சியில் ஏதோ சொல்கிறார் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் அவரும் வாயை மூடிக்கொண்டார். லோகாவின் காதுக்கு எட்டியதும் லாரிக்கதைதான்.

மணியம் என் ஒரே தம்பி. எங்கள் அம்மா கப்பலில் வந்த அலுப்பு தீராமலே செத்துப்போன பிறகு, அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள் நான். அவன் போன பிறகு உன் அப்பாவுக்கு நான் சாப்பாடு போட்டேன், துணி துவைத்தேன், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தேன். முகத்தைப் பார்த்துப் பேச மட்டும் முடியவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. கார் பின்பக்கக் கொட்டகையில் நின்றது. டிரெய்லரை யாரோ இழுத்துக்கொண்டுவந்து அதன் பக்கத்தில் போட்டார்கள். யாராவது நாற்காலி கேட்டு வந்தால், இல்லை என்று கையை விரித்துவிடுவார். லோகாவுக்குத் திரும்பிப் போக நல்ல இடம் இல்லை. அவள் அப்பா தோட்டத்தில் ஒரு லயத்து வீட்டில் மூன்று தங்கச்சிகளை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார். நான்தான் அவளை நம்மோடு வைத்துக்கொண்டேன். ஒரே கூரைக்குள் நாங்கள் மூன்று பேரும் மூன்று ஊரில் இருப்பவர்கள் மாதிரி இருந்தோம்.

ஒரு நாள் காலையில் உன் அப்பா பசியாறிக்கொண்டிருந்தார். லோகா வந்து எதிரில் நின்றாள். அத்தனை மாதத்தில் அவள் அவர் எதிரே வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, எனக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுங்க."

அவர் தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்தார். "என்னம்மா சொல்ற?"

"நாற்காலியெல்லாம் கரையான் பிடிக்குது. நீங்க ஓட்ட மாட்டீங்க. ஓட்டுற ஆளு வேணுமில்ல? சும்மா உக்காந்து சாப்பிட என்னால முடியலண்ணே."

"வேணாம்மா. வேற என்ன வேணும்னாலும் கேளு."

"வேற ஒண்ணும் வேணாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லுவேன்? அந்தக் காலத்தில் மலாக்காவில் கார் ஓட்டும் தமிழ்ப் பொம்பளையை நான் கண்டதில்லை. டாக்டர் வீட்டுச் சீனப் பெண் ஒருத்தி ஓட்டுவாள், அவ்வளவுதான். ஆனால் லோகாவின் முகத்தைப் பார்த்தபோது மறுக்க எனக்கு மனசு வரவில்லை. "கத்துக் குடுங்க" என்றேன். பல மாதங்களுக்குப் பிறகு அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

உஜோங் பாசிரில் கடலோரமாக ஒரு பெரிய வெட்டவெளி இருந்தது. சாயங்காலங்களில் அங்கே போவோம். நானும் துணைக்குப் போவேன். லோகா சீக்கிரமே கற்றுக்கொண்டாள். லைசென்ஸும் எடுத்துவிட்டாள். டிரெய்லரை மாட்டலாம் என்று அவள் சொன்னபோது உன் அப்பா பட்டறைக்குப் போய்ப் புதுக் குண்டு, புது ஆணி எல்லாம் வாங்கிவந்து பொருத்தினார். இரண்டு சங்கிலிகளும் போட்டார். முதல் நாள் வெறும் டிரெய்லரை இழுத்து ஓட்டினாள். மறுநாள் வீட்டிலிருந்து கிளம்பும்போது, அண்டாக்களையும் ஏற்றுங்கள் என்றாள். வெட்டவெளிக்குப் போய்ச் சேர்ந்ததும் அவளே அண்டாக்களைக் கீழே இறக்கி, அன்றைய கனம் வரும்படி மணலை அள்ளிப் போட ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்ற?" என்றார் உன் அப்பா.

"அன்னைக்கு எப்படி ஏத்தினீங்களோ அப்படியே ஏத்துங்க."

அவர் காரின் படியில் உட்கார்ந்துகொண்டார். அவளே ஒவ்வோர் அண்டாவாக இழுத்தாள். கனம் தாங்காமல் தரையில் தேய்த்துக்கொண்டே போனாள். கடைசியில் அவர் எழுந்து வந்தார். அன்றைக்கு வைத்த மாதிரியே, ஒன்றுகூட மாறாமல், வால் பக்கம் வைத்தார். லோகா பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். "நீங்க ஓட்டுங்கண்ணே" என்றாள். நான் கரையில் நின்றுகொண்டேன்.

தூரத்திலிருந்து கார் வந்தது. நேராகத்தான் வந்தது. கொஞ்சம் வேகம் கூடியது. எதிரில் ஒன்றுமில்லை, பக்கத்தில் ஒன்றுமில்லை. கடல் மட்டும்தான். டிரெய்லர் தானாக ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு பெரிதாக. அந்த ஆட்டத்தை நான் உள்ளே உட்கார்ந்து ஒரு தடவை அனுபவித்திருந்தேன். இப்போது வெளியிலிருந்து பார்த்தேன். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இந்தத் தடவை உன் அப்பா பிரேக்கை மிதிக்கவில்லை. காலை எடுத்துவிட்டார் போலிருக்கிறது. ஆட்டம் குறைந்து, வண்டி மெதுவாகி நின்றது.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது இருவரும் காருக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். லோகா கண்ணாடி வழியாக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க லாரி ஏதுண்ணே?" என்றாள்.

அவர் ஸ்டேரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"லாரியே இல்லையே. அப்புறம் ஏன் ஆடுச்சு?"

உன் அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்கி மணலில் உட்கார்ந்துவிட்டார். "லாரி இடிக்கலம்மா. அன்னைக்கும் இடிக்கல. நான் ஏத்துனதுதான் தப்பு. அவனைப் பின்னால உக்கார வெச்சதும் நான்தான். பிரேக்க மிதிச்சதும் நான்தான்" என்றார். லோகா காரை விட்டு இறங்கினாள். எங்கள் இருவரையும் பார்க்காமல் ரோட்டுக்கு நடந்தாள். உஜோங் பாசிரிலிருந்து காஜா பேராங்வரை அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள். நாங்கள் மெதுவாகக் காரில் பின்னால் போனோம். ஏறச் சொல்லிக் கூப்பிட எங்கள் இருவருக்கும் துணிவில்லை.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாளே பெட்டியைக் கட்டிவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் சாயங்காலம் அவள் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து உன் அப்பா எதிரில் நின்றாள். "எப்படி ஏத்தினா ஆடாதுன்னு பாக்கணும். வாங்க" என்றாள். அதற்குப் பிறகு எத்தனை சாயங்காலம் போனோம் என்று எனக்குக் கணக்கில்லை. அண்டாக்களை நடுவில் வைத்து ஓட்டினார்கள், முன்னால் வைத்து ஓட்டினார்கள், ஒரே பக்கமாக வைத்து ஓட்டினார்கள். தேவையானதைத் தவிர ஒரு வார்த்தை அவர்களுக்குள் இல்லை. மணியத்தின் உயிரைக் கொண்டுபோனது எது என்பதை அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் உனக்குச் சொல்லப்போவதெல்லாம் அங்கே நின்று பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். கனமானதைச் சக்கரத்தின் அச்சுக்கு நேர் மேலேயும் அதற்குச் சற்று முன்னாலும், அடித்தட்டிலேயே வை. உன் அலமாரியை நிறுத்தி வைக்காதே, படுக்கப் போடு. தையல் மிஷினும் புத்தகப் பெட்டிகளும் வால் பக்கம் போகக் கூடாது. அங்கே தலையணையும் பாயும் இருக்கட்டும். ஏற்றி முடித்துவிட்டு, காரில் மாட்டுவதற்கு முன் முன்கம்பியைக் கையால் தூக்கிப் பார். மூச்சைப் பிடித்துத் தூக்குகிற அளவுக்குக் கனம் இருக்க வேண்டும். சுலபமாக மேலே வந்தால் பின்பக்கம் பாரம் அதிகம். அப்படியே இழுத்தால் அது உன்னை ஆட்டும். தூக்கவே முடியாவிட்டால், அது காரின் பின்பக்கத்தை அமுக்கி, முன்சக்கரம் உன் பேச்சைக் கேட்காமல் செய்துவிடும். மொத்தப் பாரமும் உன் காரின் கனத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். உன் கார் சின்னது. மீந்ததை இன்னொரு நடையில் கொண்டுபோ, அல்லது ஜனங்களுக்குக் கொடுத்துவிடு.

பூட்டு ஆணியை உன் கையால் செருகி, உன் கையால் இழுத்துப் பார். வாத்தியார் மாட்டிக் கொடுத்தார் என்று விட்டுவிடாதே. இரண்டு சங்கிலிகளையும் முன்கம்பிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகும்படி மாட்டு. கிண்ணம் குண்டைவிட்டுக் கழன்றாலும் கம்பி தரையில் குத்தாமல் சங்கிலிமேல் உட்காரும். அவருடைய டிரெய்லரில் சங்கிலி இல்லையென்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடு. காரின் டயர், டிரெய்லரின் டயர் எல்லாவற்றுக்கும் காற்றுப் பார். பின்விளக்கு எரிகிறதா என்று விமலாவை நிறுத்திப் பார்க்கச் சொல். கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, கயிற்றையும் ஆணியையும் மறுபடி தொட்டுப் பார். புதுக் கயிறு முதல் மைலிலேயே இளகிவிடும்.

ஓட்டும்போது நீ இரண்டு வண்டியின் நீளம் என்பது ஞாபகம் இருக்கட்டும். வளைவில் அகலமாகத் திரும்பு. இல்லாவிட்டால் பின்சக்கரம் ஓரத்துக் கால்வாயில் இறங்கும். எப்போதும் நிறுத்துகிற இடத்துக்கு வெகு முன்னாலேயே பிரேக்கைத் தொட ஆரம்பி. ரவூப் வழியில் பெந்தோங் போகும் மலைப்பாதையில் இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு வந்துவிடு. இறங்க ஆரம்பித்த பிறகு மாற்றலாம் என்று நினைக்காதே. ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டேரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக. எவ்வளவு ஜாக்கிரதையாக ஏற்றினாலும், ஒரு பெரிய லாரி கடக்கும்போது வால் ஆடலாம். அப்போது பிரேக்கை மிதிக்காதே தம்பி. ஸ்டேரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டாதே. நேராக இறுக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிடு. அது தானாக அடங்கும். அடங்கும்வரை மனசு கிடந்து துடிக்கும். துடிக்கட்டும். கால் மட்டும் பிரேக்குக்குப் போகக் கூடாது. உன் அப்பாவின் கால் எங்கே போனது என்று நான் பார்த்தேன்.

லோகா வண்டி எடுத்த கதை உனக்குத் தெரியும். லீவுக்கு வரும்போது நீயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் சுற்றியிருக்கிறாய். மெர்டேக்கா சமயத்தில் நம் தெருக் கொண்டாட்டத்துக்கும் கோயில் பந்தலுக்கும் அவள்தான் நாற்காலி கொண்டுபோய் இறக்கினாள். வெள்ளைச் சேலையோடு ஒரு பொம்பளை டிரெய்லர் இழுத்துப் போவதை ஜனங்கள் நின்று பார்த்தார்கள். நம்மவர்களில் சிலர் காது கூசப் பேசினார்கள். பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மலாக்காச் செட்டிப் பாட்டிமாருக்குத் தமிழ் வராது, அவர்கள் மலாயில்தான் பேசுவார்கள். அவர்களில் ஒருத்தி வெற்றிலையை மென்றுகொண்டே, "பிரானி பெத்துல் இனி ஓராங்" என்றாள். இவளுக்குத்தான் என்ன துணிச்சல் என்று அர்த்தம். ஊரே அதைத் துணிச்சல் என்றது. அவள் எதன்மேல் உட்கார்ந்து ஓட்டுகிறாள் என்பது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவள் யாரையும் டிரெய்லரில் ஏற்றியதே இல்லை. ஒரு தடவை கோயில் தலைவரே, கொஞ்ச தூரம்தானே என்று ஏறிக்கொண்டார். அவர் இறங்கும்வரை காரை எடுக்காமல் வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

ஆகவே விமலாவின் தம்பி டிரெய்லரில் ஏறக் கூடாது. கொஞ்ச தூரம்கூடக் கூடாது. அலமாரிக்குக் கயிறு போதவில்லை என்றால் இன்னும் கயிறு வாங்கு. காரில் இடம் இல்லையென்றால் அவனை பஸ்ஸில் அனுப்பு. அலமாரி விழுந்து உடைந்தால் உடையட்டும். அவனே ஆசைப்பட்டு ஏறுகிறேன் என்றாலும் நீ காரை எடுக்காதே. மணியமும் ஆசைப்பட்டுத்தான் ஏறினான்.

இத்தோடு நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் உன் அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது நடந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். உனக்குத் தகவல் வந்து நீ கிளம்பியிருந்தாய், வந்து சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை. லோகா போர்ட் டிக்சனிலிருந்து தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். உனக்குத்தான் தெரியுமே, அவள் அங்கே தங்கச்சி வீட்டில் இருந்துகொண்டு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறாள். உன் அப்பாவுக்கு அப்போது பேச்சு குழறிவிட்டது. அவளைக் கண்டதும் தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தார். "மணியம்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் "மணியம்" என்றார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் தலையணையைச் சரி செய்தாள். "தண்ணி குடிங்கண்ணே" என்று கரண்டியால் கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடியும் அவள் வாயைப் பார்த்தார். அவள் ஈரத்துணியால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

பிறகு வெளியே தாழ்வாரத்துக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். நானும் போய் நின்றேன்.

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணி. அதுக்குத்தான் வந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். அவர் முகத்தப் பாத்ததும் வாய் வரல."

"எனக்கும்தான் வரல" என்றேன்.

"உங்களுக்குமா?"

"இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட வரல."

அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. மறுநாள் காலையில் பிள்ளைகள் காத்துக்கொண்டிருப்பார்கள் என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் உள்ளே போனேன். உன் அப்பா கண்ணைக் கதவுப் பக்கம் வைத்திருந்தார். அவள் திரும்பி வருவாள் என்று நினைத்திருப்பார். அவர் நல்ல மனிதர் தம்பி. நான் அவரோடு குடும்பம் நடத்தினேன், அவருக்கு நோவு கண்டபோது பக்கத்தைவிட்டு நகரவில்லை. ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு அப்போதும் நா எழவில்லை. அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவர் கண் கதவிலேயே இருந்தது. நீ வந்து பார்த்தபோது மூடியிருந்த அந்தக் கண்களை மூடிவிட்டவள் நான்தான்.

அம்மா